பேசும் நிலையில் இல்லை

சாட்சிக் கூண்டில் ஏறும்போது எந்தக் கால் முதலில் போகும் என்று தவசிலிங்கம் யோசித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷப் போலீஸ் உத்தியோகத்தில் இருநூறு தடவையாவது ஏறியிருப்பார். வலதா, இடதா, பிடிபடவில்லை. ஏறுவதற்கு முன்னால் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வது மட்டும் ஞாபகம் இருந்தது. இப்போதும் கை தன்னால் இடுப்புக்குப் போனது. போன கைக்குக் கிடைத்தது வேட்டி மடிப்புதான், கட்சிக் கரை போட்ட வேட்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கஞ்சி போட்டுத் தேய்த்து வருகிற வேட்டி. கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். பெஞ்சின் பலகை இடுக்கு தொடையைக் கவ்வியது. நீதிமன்ற வராந்தாவில் இரண்டே இரண்டு பெஞ்சுகள், ஒன்றுக்கு எதிரே ஒன்று. அவர் வந்ததும் தலைமை எழுத்தர் ஓடிவந்து, "எம்மெல்லே சார், உள்ள என் சேர்ல வந்து உக்காருங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே போனால் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலுமயில் கும்பிடுவார், இவர் பதிலுக்குக் கும்பிட வேண்டும். கட்சியின் மாவட்டச் செயலாளர் கும்பிட்டுச் சட்டமன்ற உறுப்பினர் கும்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் இன்றைக்கு அந்தச் சட்டமன்ற உறுப்பினர் அரசுத் தரப்பின் பதினேழாம் சாட்சி, அந்த மாவட்டச் செயலாளர் மூன்றாம் எதிரி. சாட்சியும் எதிரியும் நீதிபதி பார்க்கக் கும்பிட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துத்தான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எதிர்ப் பெஞ்சில் இருப்பது யாரென்று பார்த்தார். பார்த்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

ரோணிக்கம். இந்த வழக்கில் வெட்டுப்பட்டுச் செத்துப்போன அருளானந்துவின் பெண்டாட்டி. பதினாலு வருஷத்தில் மெலிந்து, முன்பல் ஒன்று போய், தலை பாதி நரைத்திருந்தாலும் உட்கார்ந்திருக்கிற விதம் மாறவில்லை. மடியில் மஞ்சள் பை, பை மேல் இரண்டு கை, கண் தரையில். முதல் வாய்தாவிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நீதிமன்ற டவாலி ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வாய்தா தவறியதில்லையாம். உயர்நீதிமன்றத் தடை, ஆவணம் காணவில்லை, நீதிபதி மாற்றம் என்று வழக்கு எங்கெங்கோ போய்ப் படுத்துக்கொண்ட வருஷங்களிலும், தேதி என்று ஒன்று கொடுத்தால் காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாளாம். அவரைக் கண்டதும் அவள் எழுந்து ஒரு கும்பிடு போட்டு மறுபடி உட்கார்ந்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபக்காரர்களைச் சமாளிக்கத் தெரியும், போலீசிலும் அதுதான் பாதி வேலை, அரசியலில் முக்கால் வேலை. உள்ளே ஏதோ ஜாமீன் மனு நடந்துகொண்டிருந்தது. மின்விசிறி வராந்தாவில் ஒன்று உண்டு, அது சுற்றுவதில்லை. மாடிப்படித் தலைப்பில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கைப்பேசி பார்க்கிற மாதிரி நின்றார்கள். வேலுமயிலின் ஆட்கள். இங்கே எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால், உங்களுக்குப் பாதுகாப்புக்குத்தான் அண்ணே என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

அரசு வக்கீல் திருவேங்கடம் காலையிலேயே பேசிவிட்டார், அதுவும் பேசுகிற மாதிரி இல்லாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "பதினாலு வருஷம் சார். யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரிப் பதிவுல 'கொண்டுவரும்போது நினைவில்லை'ன்னு டாக்டரே எழுதியிருக்கார். நீங்களும் 'பேசும் நிலையில் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், ரெண்டும் ஒத்துப்போகும்." அப்படியானால் அருளானந்து சொல்ல நான் எழுதின வாக்குமூலம் என்று இவர் கேட்டதற்கு, "டிஎஸ்பி சொல்லி ஸ்டேஷன்ல வச்சு எழுதினதுன்னு சொல்லிருங்க. அவரும் போய்ச் சேந்துட்டார். போலீஸ்ல நடக்காததா" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போலீசில் நடக்காததா. அந்த வார்த்தைதான் காலையிலிருந்து கூடவே வருகிறது. நடந்திருக்கிறது. அவரே நடத்தியிருக்கிறார். எத்தனை சாட்சி வாக்குமூலம், பார்க்காதவன் பார்த்ததாக, ஊரில் இல்லாதவன் ஊரில் இருந்ததாக, ராத்திரி உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரே நடையில் எழுதித் தள்ளியிருக்கிறார். திருடன்தான் என்று நிச்சயமாகத் தெரியும், நிரூபிக்க ஆளில்லை, அதற்காக எழுதியது என்று மனசைச் சமாதானம் செய்திருக்கிறார். கூண்டில் ஏறினால் உண்மைக்கு ஒரு குரல் பொய்க்கு ஒரு குரல் என்று கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே குரல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். அந்த இருநூறில் உள்ளபடி நடந்ததை நடந்தபடி எழுதியது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது ஒன்றிரண்டு. அதில் தலையானது இது. அதைத்தான் நான் இட்டுக்கட்டி எழுதினேன் என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். வேறு எந்தக் காகிதத்தையாவது கேட்டிருந்தால் தயங்காமல் ஒத்துக்கொண்டிருப்பார், அவையெல்லாம் பொய்தானே. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. எதிர்ப் பெஞ்சில் அவள் இருக்கிறாள் என்பது நினைவு வந்து உதட்டை மடித்துக்கொண்டார்.

கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமைக்கு விடுகிற மீன்பாசி ஏலம் அது. வருஷா வருஷம் வேலுமயில் ஒருத்தர் கேட்பார், ஒருத்தருக்கே விழும், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வருஷம் அருளானந்து பத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கை தூக்கினான், தூக்கிய கையை இறக்கவில்லை, ஏலம் அவர்களுக்கு விழுந்தது. நாலாம் நாள் விடிகிற நேரம் மடை பார்க்கப் போனவனைக் கண்மாய்க் கரையில் வெட்டிப் போட்டிருந்தார்கள். தகவல் வந்து தவசிலிங்கம் போனபோது உயிர் இருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை, ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். டிரைவர் முத்திருளனும் இவரும் மட்டும். முத்திருளன் போன வருஷம் சர்க்கரை வியாதியில் போய்விட்டார். ஆகவே அந்த ஜீப்புக்குள் நடந்ததற்குப் பூமியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு காது, இவருடைய வலது காது. பின் இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் குனிந்து, பேனா எழுதாமல் உதறி, உதறிய மை அவன் சட்டையில் தெறித்து, அந்தச் சட்டையில் மை தெறித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. "யாரு, பேரைச் சொல்லு" என்று கேட்டார். "வேலுமயிலு. நின்னுக்கிட்டு வெட்டச் சொன்னான்." தெளிவாகத்தான் சொன்னான். எழுதினார், பெருவிரலைப் பிடித்து வைத்தார், மைக்கு அவசியம் இருக்கவில்லை. அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான். அதை எழுதவில்லை. வெட்டிய இரண்டு பேரில் ஒருவன் லாரியில் அடிபட்டுச் செத்தான், இன்னொருவன் மலேசியாவில் இருக்கிறான் என்கிறார்கள். பதினாறு சாட்சிகளில் ஒன்பது பேர் சொன்னதை மாற்றிப் பிறழ்ந்துவிட்டார்கள். மிச்சம் வேலுமயில், அந்தப் பெயரைக் கேட்ட காது, இரண்டும் இப்போது ஒரே கட்சியில்.

எப்படி வந்து இதில் மாட்டினோம் என்று பின்னால் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த வழக்கில் வேலுமயிலைக் கைது செய்து வீதி வழியே நடத்திக் கூட்டிப்போனபோது ஊர் திரண்டு பார்த்தது. நாலு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது, ரேஷன் அரிசி கடத்தல் பிரிவுக்கு, கோப்பும் மேஜையும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்துக்கு. மாற்றலை எதிர்த்துக் கடையடைப்பு, பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தனக்காக ஒரு ஊர் ரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் அதற்குப் பிறகு அரிசிக் கோப்பு பார்க்க முடியுமா. இரண்டு வருஷத்தில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். உங்களை மாதிரி நேர்மையானவர்கள் வர வேண்டும் என்று கட்சி கூப்பிட்டது. முதல் தேர்தலில் தோற்றார். அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒரு நாள் காலை வேலுமயில் தாம்பாளத்தில் பழத்தோடு வாசலில் நின்றார். எதிர்க்கட்சியிலிருந்து ஆட்களோடு இந்தக் கட்சிக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "அண்ணே, பழச மனசுல வச்சுக்காதீங்க. நீங்க உங்க வேலையப் பாத்தீங்க, நான் கோவிச்சுக்கலாமா?" என்றார். அப்போதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். உட்காரச் சொன்னார். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவள் அவர் போகும்வரை வெளியே வரவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு வாக்கு வித்தியாசம். வேலுமயில் கையில் இருக்கிற மேற்கு ஊர்கள் ஆறையும் கழித்துப் பார்த்தால் தோல்வி. வெற்றி விழா மேடையில் வேலுமயில் போர்த்திய சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது, கொடுக்கவும் முடியாமல் போர்த்தவும் முடியாமல். போலீசில் உத்தரவு என்றால் காகிதத்தில் வரும், எண்ணும் தேதியும் இருக்கும், தப்பான உத்தரவு என்றால் அந்தக் காகிதத்தைக் காட்டித் தப்பிக்கலாம். இங்கே உத்தரவு என்று ஒன்று வரவே வராது. யாராவது தோளில் கை போடுவார்கள், அவ்வளவுதான். சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையில் நாலு நிமிஷம் பேசினார், மேஜையைத் தட்டினார்கள், பேச்சை எழுதிக்கொடுத்தது யாரென்று இவருக்கே தெரியாது. போன வாரம் கல்யாண மண்டபத்தில் வேலுமயில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தைக் குடித்துக்கொண்டே, "அண்ணே, வியாழக்கிழமை உங்க சாட்சியாம்ல" என்றார். ஆமாம் என்றார் இவர். "வெயிலு ஜாஸ்தியா இருக்கு, மோர் எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார். தேர்தலுக்கு எட்டு மாதம் இருந்தது. வேட்பாளர் பட்டியல் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஐயா." கூப்பிட்டது யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. ரோணிக்கம் எழுந்து வந்து இரண்டடி தள்ளி நின்றாள். "உக்காருங்கம்மா." உட்காரவில்லை. "ஒண்ணு கேக்கணும்யா. கேக்கலாமான்னு தெரியல." இதோ வருகிறது என்று வயிற்றை எக்கிக்கொண்டார். உள்ளே என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்பாள், ஏன் அந்த ஆளோடு மேடையில் நின்றீர்கள் என்று கேட்பாள், கேட்கட்டும், உள்ளதைச் சொல்லுவேன் என்று அவளிடம் சொல்லலாம், சொல்வதற்கு என்ன. அவள் கேட்டது வேறு. "கடைசியா உங்க கூடத்தான இருந்தாக. அந்தப் பேரச் சொன்னது எனக்குத் தெரியும், வக்கீல் படிச்சுக் காட்டினாரு. வேற எதுவும் சொன்னாகளாய்யா?"  பதினாலு வருஷத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்கள், மேலதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. சொன்னான். பெயரைச் சொல்லி மூச்சு வாங்கிவிட்டு இன்னொன்று சொன்னான். அதை எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு வழக்கைக் குழப்புவார் என்று விட்டுவிட்டார். சொல்லலாமா என்று யோசிக்கிறபோதே இன்னொரு யோசனையும் சேர்ந்து வந்தது: இதைச் சொல்லிவிட்டால் இவளுக்கு ஒன்று கொடுத்த மாதிரி ஆகும், உள்ளே போய் எடுக்கப் போவதற்கு முன்னால் வெளியே கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. சீ என்று இருந்தது. ஆனாலும் நாக்கு தொடங்கிவிட்டது. "சொன்னாரும்மா. மொதலாளி கோவிச்சுக்கிருவாக, படலைச் சாத்தாம வந்துட்டேன்னு சொன்னாரு. எந்த மொதலாளி, பேரைச் சொல்லுன்னு நான் கேட்டேன். என்னையப் பாத்தாரு, அப்புறம் பேசல. யாரோ பெரிய ஆளு பின்னால இருக்கான்னு நெனச்சு மூணு நாள் விசாரிச்சேன். அப்பிடி யாரும் கெடைக்கல."

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் இரண்டு தரம் அசைந்தது. பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், அவருடைய பெஞ்சில். "அது நாந்தானய்யா" என்றாள். "கேலிக்கு அப்பிடித்தான் சொல்லுவாக. மொதலாளி சொன்னாத்தான் சோறு, மொதலாளி கோவிச்சா கஞ்சின்னு. வெளியாளு முன்னால சொல்ல மாட்டாக, வெக்கம்." நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்திச் சொன்னாள். "அன்னைக்கு ஆடு பூந்து ஊற வச்ச நெல்ல முச்சூடும் தின்னுருச்சு. எந்தப் படுபாவி படலத் தொறந்து போட்டுப் போனான்னு வஞ்சுக்கிட்டு நின்னேன். வஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான்யா வந்து சொன்னாக."  மூன்று நாள் முதலாளி முதலாளி என்று ஜவுளிக்கடைக்காரரையும் ரைஸ்மில்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று நாளும் முதலாளி ஸ்டேஷன் வாசலில், பிள்ளை இரண்டையும் வைத்துக்கொண்டு, பிணம் கேட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால். சாகிறவன் ஒருத்தன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே விழுந்து பேரைச் சொல்லு என்று அதட்டியிருக்கிறோம். அவன் பார்த்த பார்வை இவ்வளவு நாள் வலி என்று நினைத்திருந்தார். இவனுக்கு இது புரியாது என்று நினைத்துத்தான் பேச்சை விட்டிருப்பானோ. விட்டது விட்டதுதான், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நினைவில்லை. டாக்டர் எழுதியது சரி. "நீங்க சொன்னது எனக்குப் போதும்யா" என்றாள் ரோணிக்கம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொன்னால் பிடித்துக்கொண்டு தன் பக்கம் நியாயம் சேர்க்கலாம் என்று காத்திருந்தார். அவள் பையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டவாலி வாசலில் வந்து நின்று இவர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். எம்மெல்லே என்ற அடைமொழி இல்லாமல், வெறும் தவசிலிங்கம், தவசிலிங்கம், தவசிலிங்கம். எழுந்தார். உள்ளே நீதிபதி, முப்பத்தைந்து வயதிருக்கும் பெண், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். வேலுமயில் கும்பிடவில்லை, நல்ல வேளை, கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். எந்தக் கால் முதலில் போனதென்று கவனிக்க மறந்துவிட்டது. சத்தியம் எடுத்தார். திருவேங்கடம் பதவி, பணியிடம், தேதி என்று கேட்டுக்கொண்டே வர, இவர் சொல்லிக்கொண்டே போனார். குரல் பழைய குரலாக மாறுவது காதுக்குக் கேட்டது, ஏற்ற இறக்கம் இல்லாத குரல், அது வந்துவிட்டால் பயமில்லை. இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். முடிவு செய்ய நேரம் இருக்கிறது, அந்தக் கேள்வி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், பெயரைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஐந்து எழுத்து, சொல்லிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும், எட்டு மாதம் கழித்து வெறும் தவசிலிங்கமாக இருக்கலாம், அப்படி இருந்து எவ்வளவு காலம் ஆயிற்று. கதவருகே அவள் நின்றாள். மாடிப்படி ஆட்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். "ஜீப்பில் கொண்டுபோகும்போது இறந்தவர் உங்களிடம் வாக்குமூலம் ஏதாவது கொடுத்தாரா?" திருவேங்கடம் கண்ணாடியைத் துடைத்தார். "இல்லை. அவர் பேசும் நிலையில் இல்லை." நீதிபதி நிமிர்ந்தார். காகிதம் ஒன்றைக் காட்டச் சொன்னார். பழுப்பேறிய காகிதம், கீழே பெருவிரல் கறை. "இது உங்க கையெழுத்துதானே?" "ஆமாம், அம்மா." "அவர் பேசலைன்னா இது எப்படி வந்தது?" "மேலதிகாரி சொல்லி நிலையத்தில் வைத்து எழுதியது." நீதிபதி இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இருந்திருந்தால் இவர் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பார். இருக்கவில்லை. நீதிபதி தட்டச்சரின் பக்கம் திரும்பி, வார்த்தை வார்த்தையாக, "இறந்தவர்... பேசும் நிலையில்... இல்லை" என்று சொல்ல, விசைகள் தடதடவென்று அடித்து அடங்கின. முடிவு எப்போது எடுத்தோம் என்று தேடினார். எடுத்ததாகவே தெரியவில்லை. பாயசம் குடிக்கும்போதா, பழத்தட்டின் போதா, இல்லை இன்னும் முன்னால், ராத்திரி உட்கார்ந்து எழுதிய ஏதோ ஒரு வாக்குமூலத்தின் போதா.

வெளியே வந்தபோது வேலுமயிலும் கூடவே வந்தார், மதியத்துக்கு மேல்தான் மற்றதெல்லாம் என்று ஒத்திவைத்திருந்தார்கள். தோளில் கை விழுந்தது, கனமான, ஈரமான கை. "வாங்கண்ணே, வண்டிய உள்ளயே வரச் சொல்லிட்டேன், வெயில்ல நடக்க வேண்டாம்." பெஞ்சருகே ரோணிக்கம் நின்றாள். ஒதுங்கிவிடுவாள் என்று நினைத்தார். ஒதுங்கவில்லை, வழியிலும் நிற்கவில்லை, ஒரு ஓரமாக நின்று, "ஐயா" என்றாள். "உள்ள, அவுக பேசவே இல்லைன்னீக. அப்ப எங்கிட்டச் சொன்னது?" சத்தம் போடவில்லை, சந்தேகம் கேட்கிற குரல். வேலுமயில் குனிந்து, "என்னண்ணே சொன்னீங்க அந்தம்மாட்ட?" என்றார் சிரித்துக்கொண்டே. தோள் மேல் விரல்கள் சற்று அழுந்தின. உண்மை என்று சொன்னால் உள்ளே சொன்னது பொய். பொய் என்று சொன்னால் சாகிறவன் சொன்ன கடைசி வார்த்தையை இப்போதுதான் கொடுத்துவிட்டு இப்போதே பிடுங்குகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சந்து இருக்கிறதா என்று பார்த்தார், முப்பத்தெட்டு வருஷமாகச் சந்து பார்த்தே நடந்த கால். இல்லை. "ஆறுதலுக்குச் சொன்னதும்மா" என்றார். "அவரு ஒண்ணும் சொல்லல. நானாச் சொன்னதுதான்."

ரோணிக்கம் அவரைப் பார்த்தாள். வேலுமயிலைப் பார்க்கவில்லை. "இல்லய்யா" என்றாள் நிதானமாக. "அவுக என்னைய மொதலாளிங்கிறது அவுகளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். பிள்ளைகளுக்கே தெரியாது. அத உங்களால நெனச்சுக்கட்ட முடியாது. அவுக பேசியிருக்காக." மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள், கடைசிப் படியில் செருப்பு கழன்று அதை மாட்டிக்கொள்ள ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு புளியமரத்தடி ஸ்கூட்டர்களுக்கு இடையில் புகுந்து பஸ் நிற்கும் பக்கம் போனாள். "யாரண்ணே இது, என்னமோ சொல்லுது" என்றார் வேலுமயில், தெரியாதவர் மாதிரி. தோளில் கை அப்படியே இருந்தது. அதை உதற வேண்டும் என்று நினைத்தார் தவசிலிங்கம்.  வண்டி வந்து நிற்கிற வரை அசையாமல் நின்றார்.